சுட்டுத்துண்டும் நம்பிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

உணவுப் பொதிகளிற் பொறிக்கப்படும் ‘இயற்கையானது’ என்னுஞ் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இன்றைய நுகர்வோரின் வினாவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் ‘தூயது’ என்னுஞ் சொல்லைப் பற்றி இதனையொத்த வினா எழுந்தது. அவ்வரலாறு இன்றைய வினாவிற்கும் விளக்கந் தரவல்லது.

1820 இல் பிரெடெரிக் அக்கும் என்னும் இரசாயனவியலாளர், இலண்டனில் விற்கப்பட்ட உணவுகளின் கலப்படத்தை நூலொன்றில் அம்பலப்படுத்தினார். எனினும், அரசு வாளாவிருந்தது. 1851 முதல் 1854 வரை ஆதர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர், நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு கடைப் பண்டங்களை ஆராய்ந்தார். அவர்தம் முடிவுகள், விற்றோரின் பெயர் முகவரிகளுடன் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. அவர் ஆராய்ந்த 34 கோப்பி மாதிரிகளுள் 31 சிக்கரி வேர்த்தூள் கலந்தவை. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் இலண்டனுக்குக் கோப்பி சென்ற காலம் அது.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. சிக்கரியும் மண்ணில் விளைவதே. கடுகுத் தூளிற் கோதுமை மாவைக் கலந்து, அதன் நிறத்தை மறைக்கச் சேர்த்த மஞ்சளும் இயற்கைப் பொருளே. ஆயினும், கோப்பிக்கும் கடுகிற்கும் விலைகொடுத்தவன் ஏமாற்றப்பட்டான். ஆகவே, ஒரு பொருள் இயற்கையிற் கிடைப்பது என்பது அது நேர்மையாக விற்கப்பட்டதென்பதற்குச் சான்றாகாது, தீங்கற்றதென்பதற்குஞ் சான்றாகாது. 1858 இல் பிரட்போட் நகரில், சீனியின் அளவைக் குறைத்தற்காகச் சேர்க்கப்படும் மலிவான வெண்தூளென மயங்கி ஆசனிக்கு நஞ்சைக் கலந்து செய்த இனிப்பை உண்டு ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். ஆசனிக்கும் நிலத்திற் கிடைப்பதே.

1860 இல் நிறைவேறிய முதலாவது கலப்படத் தடைச் சட்டம், பகுப்பாய்வாளரை நியமிப்பதை உள்ளூர் அதிகாரிகளின் விருப்பிற்கு விட்டமையாற் பயன் குன்றியது. 1872, 1875 ஆம் ஆண்டுச் சட்டங்களே நிலைமையை மாற்றின. வாங்குபவர் கேட்ட தன்மையும் தரமும் இல்லாத பொருளை அவருக்குப் பாதகமாக விற்பது குற்றமாயிற்று. சொல்லுக்குச் சட்டப் பொருளும், அதனைச் சோதிக்கும் அலுவலரும் வாய்த்த பின்னரே நம்பிக்கைக்கு அடித்தளம் அமைந்தது.

‘இயற்கை’ என்னுஞ் சொல்லுக்கு அத்தகைய அடித்தளம் எளிதில் வாய்க்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1974 இல் தொடங்கப்பட்ட வரையறை முயற்சி 1983 இற் கைவிடப்பட்டது. 1993 இல் அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகமும் அதனை விதியாக வரையறுக்காது, செயற்கைப் பொருள் சேராமை என்னும் பொதுக் கொள்கையோடு அமைந்தது. மாறாக, ‘சேதன உணவு’ என்பதற்கு 1990 இற் சட்டமும், 2002 இல் நடைமுறை விதிகளும் சான்றளிப்பு முறையும் ஏற்பட்டன. ஒரே கடைத்தட்டில் அருகருகே இருக்கும் இவ்விரு சொற்களும் ஒரே நிறையுடையன அல்ல.

இலங்கையின் 1980 ஆம் ஆண்டு 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொய்யான, தவறாக வழிநடத்தும் சுட்டுத்துண்டிடலைத் தடைசெய்கின்றது. எனினும், அளவுகோல் இல்லாத சொல்லைப் பொய்யென நிறுவுவது அரிது. அச்சொல்லைக் காணும் நுகர்வோர், அதனை வரையறுத்தவர் யார், சோதிப்பவர் யார் என வினவுதல் வேண்டும். விடை கிடைக்காதவிடத்து அச்சொல் விற்பனையாளரின் புகழுரையேயன்றிப் பிறிதன்று.