ஹாரியட் பவர்ஸ் அம்மையாரின் போர்வைகள்: துணி மூலமும் எழுத்துரையும்

நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் மகளாகவும் கொண்டு நூல் இயற்றப்படும் முறையை நன்னூற் பாயிரம் உவமை வாயிலாக விளக்குகின்றது. அங்கு உவமையாக நின்ற பெண், அமெரிக்க நாட்டு ஜார்ஜியா மாநிலத்தில் உண்மையாகவே துணியில் நூல் இயற்றியிருக்கின்றார். அவர் இயற்றிய மூலத்துக்கும் பிறர் எழுதிவைத்த உரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாரியட் பவர்ஸ் அம்மையார் 1837இல் ஏதன்ஸ் நகருக்கு அருகில் அடிமையாகப் பிறந்தவர், உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் உரிமை பெற்று, கணவருடன் உழவுத் தொழில் செய்து வாழ்ந்தவர், 1910இல் மறைந்தவர். அவர் செய்தவற்றுள் இரண்டு போர்வைகளே இன்று எஞ்சியுள்ளன. பதினொரு கட்டங்களையுடைய விவிலியப் போர்வை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலும், பதினைந்து கட்டங்களையுடைய ஓவியப் போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பேணப்படுகின்றன.

ஒட்டுத்துணிப் போர்வை மூன்றடுக்கு உடையது. மேலே துண்டுகள் இணைந்த முகத்துணியும், இடையே பஞ்சும், கீழே அடித்துணியும் அமைய, மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அவற்றைப் பிணிக்கின்றது. பவர்ஸ் அம்மையார் மாந்தர், விலங்கு, விண்மீன் முதலிய உருவங்களைத் துணியில் வெட்டி முகத்துணிமேல் வைத்துத் தைத்தார். அத்தையலிற் கைத்தையலும் பொறித்தையலும் கலந்துள்ளன என்பது குறிக்கத்தக்கது. எலியாஸ் ஹவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தையற்பொறிக்கு உரிமம் பெற்றனர். தவணை முறையில் விற்கப்பட்டமையால் அப்பொறி எளியோர் இல்லங்களையும் எட்டிற்று. ஆகவே இப்போர்வைகளைப் புதுமையறியாத நாட்டுப்புறக் கைவினை என ஒதுக்குவார் கூற்றுப் பொருந்தாது. தம் காலத்துக் கருவியைத் தம் கருத்துக்கு ஏற்ப ஆண்டவர் அவர் என்பதே தையல் காட்டும் சான்றாகும்.

விவிலியப் போர்வை 1886இல் ஏதன்ஸ் நகரப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. ஓவிய ஆசிரியையான ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளையர் அதனை விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் அம்மையார் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, குடும்பம் பணமுடைப்பட்ட காலத்தில், அவரே பத்து டாலருக்குக் கொடுக்க முன்வந்தார். ஐந்து டாலரே கிடைத்தது. விற்ற பின்னரும் அப்போர்வையைக் காண அவர் பலமுறை சென்றார். கட்டந்தோறும் அவர் கூறிய விளக்கத்தை ஸ்மித் எழுதி வைத்தார். ஆதாம் ஏவாள் முதலாகத் திருக்குடும்பம் ஈறாக உள்ள காட்சிகளை நாம் இனங்காண்பதற்கு அவ்வுரையே துணை செய்கின்றது.

ஆயின் உரை வேறு, மூலம் வேறு. எழுதியவர் வாங்கியவர், சொல்லியவர் விற்றவர். ஒருவர் வாய்மொழியை மற்றொருவர் எழுதுமிடத்து எது விடுபட்டது, எது சேர்ந்தது என வினவுதல் ஆய்வாளர் கடனாகும். உரையாசிரியர் கூற்றையே ஆசிரியர் கருத்தாகக் கொள்ளாத தமிழ் மரபினர்க்கு இவ்வினா புதிதன்று.

பவர்ஸ் அம்மையார் எழுத்தறியாதவர், விவிலியக் கதைகளைச் செவிவழியே கேட்டவர் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. 2009இல் கைரா ஹிக்ஸ் வெளியிட்ட நூல், 1896இல் அம்மையார் எழுதிய மடலொன்றைப் புலப்படுத்திற்று. வெள்ளையர் குழந்தைகளிடம் எழுத்துக் கற்றதையும் வேறு போர்வைகள் செய்ததையும் அதில் அவரே கூறுகின்றார். இதனால் பழைய கருத்து வீழ்ந்தது. சான்று இன்மையை அறிவு இன்மையாகக் கொண்டதே அப்பிழைக்குக் காரணம்.

எனினும் செவிவழி மரபை முற்றும் தள்ளுதலும் தவறாகும். ஓவியப் போர்வையில் 1780 மே 19ஆம் நாள் பகல் இருண்ட நிகழ்ச்சியும், 1833 நவம்பர் 13ஆம் நாள் விண்மீன்கள் சொரிந்த நிகழ்ச்சியும் இடம்பெறுகின்றன. இவ்விரண்டும் அவர் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவை. மூத்தோர் நினைவிற் காத்த செய்தியே துணியிற் பதிந்தது எனக் கருதுதல் பொருந்தும். எனவே படித்த நூலும் கேட்ட செய்தியும் ஒருங்கே கூடிய படைப்பு இது.

அப்போர்வையில் பெட்ஸ் என்னும் பன்றி ஒன்றும் உள்ளது. அது ஜார்ஜியாவிலிருந்து விர்ஜீனியாவரை ஐந்நூறு மைல் ஓடியது என்று உடன்வந்த குறிப்புக் கூறும். வடக்கு நோக்கித் தப்பியோடிய அடிமைகளை அது சுட்டும் என்பார் சிலர். அவ்விளக்கம் மனங்கொள்ளத்தக்கதே, ஆயினும் குறிப்பில் அது கூறப்படவில்லை. கூறாமை அச்சத்தாலோ, வேண்டாமையாலோ, வேறு கருத்தின்மையாலோ நிகழ்ந்திருக்கலாம். இங்கு ஆய்வாளர் தம் ஊகத்தை ஊகமென்றே உரைத்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால், தையலும் ஓர் ஆவணம் என்பதும், அதன் உரையை மூலத்தோடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும் என்பதும் பெறப்படும். நம் நாட்டு வீடுகளிற் பழம்புடைவைகளை அடுக்கித் தைத்த போர்வைகளுக்கும் செய்தவர் பெயர் உண்டு. அவர் சொல்லக்கூடிய செய்தியும் உண்டு. அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்லுமாறே எழுதிவைத்தல் நம் கடனாகும்.