பயாஸ்கோப்பும் பிள்ளைகளும்

கோவையில் வெரைட்டி ஹால் சாலையை அறியாதவர் குறைவு. அப்பெயருக்குக் காரணமான படக்கொட்டகையை 1914-இல் அமைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் இரயில்வே எழுத்தராயிருந்த இவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். தரையில் அமர்ந்து பார்த்தோரில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

பெரியவர்களுக்கோ கவலை. கண் கெடும், படிப்புப் போகும், கெட்ட புத்தி வரும் என்றார்கள். (இன்று கைப்பேசியைப் பற்றிச் சொல்வதும் இதுதானே!) 1927-இல் இந்திய அரசு சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 353 பேர் நேரில் சாட்சியம் அளித்தனர். காந்தியடிகளுக்கும் வினாப்பட்டியல் சென்றது. தாம் சினிமாவுக்குப் போனதே இல்லை என்றும், ஆயினும் அதன் தீமை வெளிப்படையானது என்றும் அவர் பதில் எழுதினார். பார்க்காமலே தீர்ப்பா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பார்த்தவர்கள் சொன்னவையும் பெரும்பாலும் அபிப்பிராயங்களே. எவரும் எதையும் அளந்திருக்கவில்லை.

உயிருக்கே உலை வைக்கும் ஆபத்து திரையில் இல்லை, படச்சுருளில் இருந்தது. அக்காலச் சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதிலேயே அடங்கியிருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது, நச்சுப்புகையும் கக்கும். 1929 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், சிறுவர் காட்சி நடந்துகொண்டிருந்தபோது ஒரு சுருள் புகைந்தது. தீ பரவவில்லை, ஆயினும் வெளியேறும் நெரிசலில் 71 குழந்தைகள் மாண்டனர். இந்தியாவில் 1918-ஆம் ஆண்டுச் சட்டமே தணிக்கையோடு கொட்டகைப் பாதுகாப்புக்கும் உரிமம் கோரியிருந்தது. 1950-களில் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருள் வந்து அந்த அச்சத்தைப் போக்கியது.

மனத்தைப் பற்றிய அச்சத்தை அளக்க முயன்றவர்கள் அமெரிக்கர். ஒஹையோவில் பிள்ளைகளின் கட்டில்களில் கருவி பொருத்தி, படம் பார்த்த இரவில் எத்தனை முறை புரள்கிறார்கள் என்று பதிவு செய்தனர். முடிவு 1933-இல் வெளிவந்தது. சிலர் அதிகம் புரண்டனர். சிலரோ வழக்கத்தைவிட அமைதியாக உறங்கினர். படத்துக்குப் படம், பிள்ளைக்குப் பிள்ளை விளைவு வேறுபட்டது.

சட்டம் இத்தனை நுணுக்கம் பார்க்கவில்லை. 1949-ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஏ', 'யு' என இரண்டே சான்றிதழ்களை வகுத்தது. பிள்ளைகளுக்குள்ளும் வயது வேற்றுமை உண்டென்று 7, 13, 16 எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டது 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.