அம்மி முதல் மிக்சி வரை: தமிழ்நாட்டுச் சமையலறையில் அரவைப் பொறிகளின் வரலாறு

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் மின் அரவைப் பொறிகள் நுழைவதற்கு முன்பு அரைக்கும் வேலை ஒரே வேலையாக இருக்கவில்லை; அது நான்காகப் பிரிந்து நான்கு கற்களிடம் இருந்தது. தேங்காய், மிளகாய், மல்லி ஆகியவற்றை நீர் தெளித்து விழுதாக்க அம்மியும் குழவியும், ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் மாவாக்க ஆட்டுக்கல்லும், நெல் குத்தவும் மாவு இடிக்கவும் உரலும் உலக்கையும், பயறு உடைக்கத் திரிகையும் பயன்பட்டன. அம்மி இழுத்துத் தேய்க்கும். ஆட்டுக்கல் சுழற்றி நசுக்கும். உரல் மோதி உடைக்கும். திரிகை இரு கல்தட்டுகளுக்கு இடையே தானியத்தைப் பிளக்கும். இன்று பல்பயன் மிக்சி என்ற பெயரில் விற்கப்படும் பொறியின் வரலாறு, இந்த நான்கு வேலைகளில் எவை ஒரே மோட்டாருக்குள் அடங்கின, எவை அடங்க மறுத்தன என்பதன் வரலாறாகவே அமைகிறது. மிக்சி வாங்கச் செல்வோர் கடையில் கேட்கும் கேள்விகள் பலவும் அந்த அடக்கத்திலும் மறுப்பிலும் இருந்தே பிறந்தவை.

கற்களுக்கும் பராமரிப்பு உண்டு. நாள்பட்ட பயன்பாட்டில் அம்மியின் முகம் வழுவழுப்பாகி, அரைபடும் பொருள் வழுக்கி விலகத் தொடங்கும்போது, உளியும் சுத்தியலும் கொண்டு அதன்மேல் சிறு குழிகளை இட வேண்டும். இதற்கு அம்மி கொத்துதல் என்று பெயர். இவ்வேலை செய்வோர் தெருத் தெருவாகக் கூவிச் செல்வது அண்மைக்காலம் வரை பல ஊர்களில் காணக்கூடியதாக இருந்தது. கல்லில் அரைத்த குழம்பின் ருசியைப் பற்றிப் புகழ்ந்து எழுதியவர்களில் பெரும்பாலோர் அதை உண்டவர்களே தவிர அரைத்தவர்கள் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். விடியலுக்கு முன் தொடங்கி நாளின் கணிசமான பகுதியை விழுங்கிய அவ்வுழைப்பு முழுவதும் பெண்களின் தோளிலும் முதுகிலும்தான் இறங்கியது.

மிக்சியின் மேலைநாட்டு முன்னோடி தோன்றிய சூழல் இதற்கு முற்றிலும் வேறானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹார்லிக்ஸ் ஆலை இயங்கிய ரசீன் நகரில், ஸ்டீபன் பாப்லாவ்ஸ்கி என்பவர் மால்ட் கலந்த பால் பானங்களைக் கலக்குவதற்காக, பாத்திரத்தின் அடியில் சுழலும் கத்தி பொருத்திய கருவியை உருவாக்கி 1922-இல் காப்புரிமை பெற்றார். இசைக்குழுத் தலைவரான ஃபிரெட் வாரிங்கின் ஆதரவுடன் 1937-இல் சந்தைக்கு வந்த பொறியும் பானங்களை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டது. உயரமான கண்ணாடிக் குவளைக்குள் திரவம் சுழன்று கீழிறங்கி, கத்தியைத் தொட்டு, மீண்டும் மேலெழுவதே அதன் இயக்கமுறை. போதிய நீர் இல்லாதபோது இந்தச் சுழற்சி நின்றுவிடும். கத்தி வெற்றிடத்தில் ஓட, பொருள் குவளையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மஞ்சள், வரமிளகாய், கெட்டித் துவையல் என்று நீரே இல்லாமலோ மிகக் குறைந்த நீரிலோ அரைக்க வேண்டியவை நிறைந்த இந்தியச் சமையலறைக்கு அப்பொறி பொருந்தாமல் போனதில் வியப்பில்லை.

இந்தப் பொருத்தமின்மையே இந்திய மிக்சியின் பிறப்புக்குக் காரணமாயிற்று. அன்னியச் செலாவணி நெருக்கடியால் நுகர்பொருள் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1960-களில், மும்பையில் சீமன்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய பிரான் மிக்சி, இந்திய மசாலாக்களின் சுமையைத் தாங்காமல் மோட்டார் கருகி நின்றது. உள்நாட்டில் அதைப் பழுதுபார்க்க வழியில்லை. அவர் மனைவி மாதுரி, இந்தியச் சமையலுக்கு ஏற்ற பொறியைக் கணவரே செய்யக்கூடாதா என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. மாத்தூர் 1963-இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்த சுமீத் மிக்சி, அடுத்த இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் நடுத்தர வர்க்கத்தின் கல்யாணச் சீர்ப் பட்டியல்களில் இடம்பிடித்தது.

சுமீத் கொண்டுவந்த மாற்றம் இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது மோட்டார். மிக்சியில் இருப்பது யூனிவர்சல் மோட்டார் எனப்படும் வகை. சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கும் நிலையான காந்தச் சுருளுக்கும் மின்னோட்டம் ஒரே தொடரில் செல்ல, கார்பன் துண்டுகள் ஆர்மேச்சரை உரசியபடி மின்சாரத்தைக் கடத்தும். சிறிய உருவில் மிகுந்த வேகத்தையும், கிளம்பும்போதே பெரும் முறுக்கு விசையையும் தருவது இதன் சிறப்பு. சுமையின்றி ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்றுகள் வரை எட்டக்கூடியது. காய்ந்த மஞ்சளை உடைக்கும் அளவுக்கு இதன் ஆற்றலை 500 வாட்டை ஒட்டி உயர்த்தியதே அன்றைய துணிச்சல். இரண்டாவது ஜார். உயரமான கண்ணாடிக் குவளைக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகில் செய்த, அகலமான பாத்திரங்கள் வந்தன. காலப்போக்கில் இவை மூன்றாக நிலைபெற்றன: மாவுக்கும் கூழுக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ஜார், பொடிக்கு நடுத்தர ஜார், அரை லிட்டருக்கும் குறைந்த சட்னி ஜார். நான்கு பேருக்கான துவையலைப் பெரிய ஜாரில் போட்டால் கத்தி அதை எட்டாது என்ற எளிய உண்மையை, மேலைநாட்டுப் பொறிகள் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டுக்கல் மிக்சிக்குள் அடங்கவில்லை. அதன் கதை கோயம்புத்தூரில் தனியே நடந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் நூற்பாலைகளும் பம்புசெட் பட்டறைகளும் பெருகிய அந்நகரில், 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உருவாக்கினர். வார்ப்படம், கடைசல், மோட்டார் ஆகிய மூன்றும் கைவசம் இருந்த அந்த ஊரில் 1955-இல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். கையால் ஆட்டும்போது கல் நிற்கும், குழவி சுழலும். புதிய பொறியில் கல் சுழன்றது, குழவி நின்றது. சிறியதாகத் தோன்றும் இந்தத் தலைகீழ் மாற்றமே, பெல்ட் வழியாக வேகத்தைக் குறைத்துக் கனமான கல்லைச் சீராகச் சுழற்ற வழிசெய்தது.

கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதாவது கார்பன் உரசல் இல்லாமல் காந்தப்புலத்தால் மட்டும் சுழலும் வகை. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்றுகளே சுழலும், கல்லோ அதனினும் மிக மெதுவாகவே சுழலும். இந்த நிதானத்தில் மாவு சூடேறுவதில்லை. உளுந்தின் கொழகொழப்பில் காற்று சிறிது சிறிதாகப் பிடிபட்டு மாவு பொங்கி வருகிறது. மிக்சியிலோ கத்தியின் வேகம் மாவைச் சூடாக்குவதால், ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கும் வழக்கம் இல்லத்தரசிகளிடையே தோன்றியது. ஊத்துக்குளிப் பகுதிக் கல்லுக்குப் பேர்பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டர், 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதாவது அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை அந்த வட்டாரத்துத் தயாரிப்புக்கு மட்டுமே உரியதாயிற்று. கொட்டும் வசதிக்காக உடல் சாய்ந்து கொடுக்கும் டில்டிங் கிரைண்டரும், மேடைமேல் வைக்கத்தக்க டேபிள் டாப் கிரைண்டரும் பின்னர் வந்தவை.

மிக்சித் தொழிலின் மையமும் 1978-க்குப் பின் மெல்லத் தெற்கே நகர்ந்தது. அவ்வாண்டு சென்னையில் டி.டி. வரதராஜன் தொடங்கிய ப்ரீத்தி, தமிழ்ச் சமையலின் தேவையை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தது. 2011-இல் பிலிப்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அதே 2011-இல், சட்டமன்றத் தேர்தலில் இரு பெரும் கட்சிகளும் அரவைப் பொறிகளை வாக்குறுதியாக்கிய பின், ஜெயலலிதா அரசு செப்டம்பர் 15 அன்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் கடும் மின்வெட்டில் தவித்த காலம் அது என்பதால் கேலிகள் எழுந்தன. ஆயினும் மிக்சி, கிரைண்டர் என இரண்டையும் தனித்தனியே கொடுத்ததில், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது என்ற சமையலறை அறிவை அரசே ஏற்றுக்கொண்டது எனலாம்.

அண்மைக் காலத்தில் காய் நறுக்கவும், சப்பாத்தி மாவு பிசையவும், சாறு பிழியவும் தனித்தனிப் பாகங்களைச் சேர்த்துப் பல்பயன் என்ற அடைமொழியுடன் மிக்சிகள் விற்பனைக்கு வருகின்றன. வாட் எண்ணிக்கை கூடினால் வலிமை கூடும் என்ற நம்பிக்கையும் உடன் வளர்ந்திருக்கிறது; ஆனால் மின்சாரத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதையே வாட் சொல்லும், எவ்வளவு அரைக்கிறது என்பதைச் சொல்லாது. மிக்சிக்கான இந்தியத் தர அளவை ஐ.எஸ். 4250 ஆகும். பெரும்பாலான கையேடுகளில் 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருந்தும் அதைப் படிப்போர் குறைவு. கருகிய காயில்களில் பல அந்த ஒரு வரியின் புறக்கணிப்பால் விளைந்தவை. அமெரிக்கா செல்லும் தமிழர்கள் இங்கிருந்து கொண்டுபோன 230 வோல்ட் மிக்சி அங்குள்ள 120 வோல்ட்டில் திணறவே, அந்நாட்டுக்கென்று தனி மாடல்களும் உருவாயின.

அறுபது ஆண்டு வரலாற்றை வைத்துப் பார்த்தால், வீட்டுக்கு மிக்சி தேர்ந்தெடுப்போர் பாகங்களின் எண்ணிக்கையைவிடச் சட்னி ஜாரின் அடியில் கத்தி எவ்வளவு தாழ்வாக உள்ளது என்பதையும், ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளரும் கார்பனும் வாஷரும் தம் ஊர்ப் பழுதுக்கடையில் கிடைக்குமா என்பதையும் முதலில் பார்ப்பதே அறிவுடைமை. இட்லி மாவைப் பொறுத்தவரை, எந்தப் பல்பயன் மிக்சியும் இன்றுவரை கல்லுக்கு மாற்றாகவில்லை.