இணைப்பு உளமருத்துவப் பயிற்சி

உடல்நோயோடு சேர்ந்துவரும் மனச்சோர்வு, பதற்றம், குழப்பநிலை ஆகியவற்றை வார்டிலேயே இனங்கண்டு கவனிக்க மருத்துவர்களைப் பழக்கும் பயிற்சி. இத்தகைய பயிற்சியின் முன்னோடியாக, 1950களில் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் குடும்ப மருத்துவர்களுக்குக் கலந்துரையாடல் குழுக்களை நடத்தினார். 1977இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஏங்கல் உடல்-உள-சமூக மாதிரியை முன்வைத்தார்.

இலங்கையில் உளமருத்துவ மேற்படிப்பைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்துகிறது. கண்டிப் பகுதியில், 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தில் மாணவர்கள் உளமருத்துவமும் கற்கின்றனர்.

மொழியும் பயிற்சியின் பகுதியே. கண்டிப் பகுதியின் மடவளை போன்ற தமிழ் பேசும் ஊரிலிருந்து வரும் நோயாளி மனத்துயரை ‘நெஞ்சு அடைக்குது’, ‘உடம்பு உளையுது’ என்று சொல்லக்கூடும். முதலில் உடற்காரணத்தைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு நித்திரை, பசி, ஆர்வம் பற்றிக் கேட்க வேண்டும். உதாரணமாக, சீனி வருத்தக்காரர் குளிசையை நிறுத்தியதற்கு மனச்சோர்வும் காரணமாயிருக்கலாம்.