சரக்குக் கூலியும் தமிழ் வண்டிக்காரரும்

பிடோக்கில் முன்னர் மேடுகள் பல இருந்தன. 1966ல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புத் திட்டத்திற்காக அவை வெட்டப்பட்டன. அம்மண்ணைக் கடற்கரைக்குக் கொண்டுசென்றது ஓடும் பட்டை. லாரிகள் பல நடை ஓடிக் கூலி பெற்றிருக்கக்கூடிய வேலை அது.

இம்மாற்றம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. தொடக்க நாளில் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டன. அங்கிருந்து ஆற்றங்கரைக் கிட்டங்கிகளுக்குச் சரக்கைத் தொங்கான்களில் கொணர்ந்தோருள் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் முதன்மை பெற்றிருந்தனர். 1867 அளவில் அத்தொழில் சீனப் படகினர் வசமாயிற்று.

1869ல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்கள் பெருகி, தஞ்சோங் பகார் துறையை நாடின. துறையோ நகரத்திற்குப் புறத்தே இருந்தது. அவ்விடைத் தூரமே மாட்டுவண்டிக்குப் பிழைப்பாயிற்று. வண்டி ஓட்டியோர் பெரும்பாலும் தென்னிந்தியர். சிராங்கூன் வட்டாரத்தில் மாட்டுத் தொழுவங்கள் பெருகின. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள்.

கூலி ஓடிய நடைக்கு மட்டுமே. தீனியோ ஓடாத நாளிலும் இட்டாக வேண்டும். சொந்த வண்டி வைத்திருப்போனின் இடர் இதுவே. பின்னர் மோட்டார் லாரி வந்து மாட்டுவண்டியை ஒதுக்கியது. 1972ல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. 1983ல் தொங்கான்களும் சிங்கப்பூர் ஆற்றைவிட்டு அகற்றப்பட்டன.

கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் நடுவேயிருந்த தூரத்தை நம்பி முதலிட்டவர்கள் இவர்கள். அத்தூரத்தைக் கடக்கும் வழி மாறியபோதெல்லாம் பெரிய கம்பெனி தன் கணக்கை மாற்றிக்கொண்டது. ஒற்றை வண்டிக்காரனுக்கோ முதலே முடங்கியது.