மாணவன் கட்டிய உலகும் அதன் குடிசனமும்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் ஒரு கணனி விளையாட்டை எழுதத் தொடங்கினார். அவருடைய தோழர் ரிச்சர்ட் பார்ட்டில் பின்னர் அதனைப் பொறுப்பேற்று நிறைவு செய்தார். ‘மட்’ என்பது அதன் பெயர். அதிலே படம் இல்லை; ஒலி இல்லை. திரையில் எழுத்துக்கள் மட்டுமே தோன்றும்: இங்கே ஒரு பாதை, அங்கே ஒரு குகை, எதிரே இன்னொரு மனிதன். அந்த இன்னொரு மனிதனிலேதான் புதுமை இருந்தது. வேறோர் இடத்தில், வேறொரு விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்த உண்மையான மாணவன் அவன். அவனோடு பேசலாம், கூட்டுச் சேரலாம், சண்டையும் பிடிக்கலாம்.

பல்கலைக்கழகத்துக் கணனியோ ஆராய்ச்சிக்கென வாங்கப்பட்டது. விளையாட்டுக்கு மிஞ்சிய நேரமே கிடைத்தது. வெளியூர்களிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஆட்கள் வரத் தொடங்கியபோது, அவர்களுக்கு நள்ளிரவுக்குப் பிந்திய வேளைகளே ஒதுக்கப்பட்டன. ஒரே சமயத்தில் 36 பேர் உட்புகலாம். முப்பத்தேழாமவர் வாயிலிலே காத்து நிற்க வேண்டியதுதான். பலர் ஒருங்கே வாழும் விளையாட்டுலகங்கள் அனைத்தையும் பிற்காலத்தில் வருத்திய கேள்வி, அவற்றுள் முதன்மையான இந்த விளையாட்டிலேயே முளைவிட்டுவிட்டது. இருக்கும் இடம் சிறிது, வருபவரோ பெருகுகின்றனர். என் செய்வது?

‘மட்’ என்பது நாளடைவில் அந்த இனத்து விளையாட்டுக்கள் யாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணனியியல் பயின்ற அன்ட்ரூ கௌவர் என்ற இளைஞர் தாமும் அத்தகைய ஒன்றை ஆக்க விரும்பினார். எழுத்தால் மட்டும் அமைந்த குகைகள் அவருக்குப் போதவில்லை. படத்தோடு கூடிய உலகம் ஒன்றை அவர் கருதினார். முதலில் ‘டீவியஸ்மட்’ என்ற பெயரில் ஒன்றை எழுதிச் சிறிது காலம் வெளியிட்டுப் பார்த்தார். பின்னர் அதனைக் கைவிட்டுப் புதிதாய் எழுதினார். கதைகளையும் வினோதப் பணிகளையும் புனைவதில் அவருடைய சகோதரர் போல் கௌவர் துணைநின்றார். 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி அது ‘ரூன்ஸ்கேப்’ என்னும் பெயரோடு இணையத்தில் வெளிவந்தது. அப்போது அதற்கென அலுவலகம் இல்லை. நொட்டிங்ஹாம் நகரில் இருந்த பெற்றோரின் வீடே தலைமைச் செயலகம்.

அக்காலத்தில் இவ்வகை விளையாட்டுக்கள் வேறு சிலவும் இருந்தன. அவற்றை ஆட விரும்புவோர் கடையிலே பெட்டியை விலைக்கு வாங்கி, இறுவட்டிலிருந்து கணனியில் பதித்து, மாதந்தோறும் சந்தாவும் செலுத்த வேண்டும். படம் வரைவதற்கென்று தனி உறுப்புப் பொருத்திய நல்ல கணனியும் வேண்டும். கௌவரின் விளையாட்டோ ஜாவா என்னும் மொழியில் எழுதப்பட்டு, இணைய உலாவியின் உள்ளேயே இயங்கியது. பாடசாலை நூலகத்துப் பழைய கணனியும் அதற்குப் போதும். வாங்க வேண்டியது எதுவுமில்லை. பதிக்க வேண்டியது எதுவுமில்லை. பக்கத்தைத் திறந்தால் உலகம் திறக்கும். கைச்செலவுக்குப் பணமில்லாத பள்ளி மாணவருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேறென்ன வேண்டும்? கூட்டம் பெருகியதில் வியப்பில்லை.

கூட்டம் பெருகுவதன் சிரமத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். களத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஓர் அடி எடுத்து வைத்தால், அச்செய்தியை மற்ற ஒன்பது பேருக்கும் நடுவிலுள்ள வழங்கிக் கணனி அறிவிக்க வேண்டும். ஆகச் செய்திகள் 90. நூறு பேர் நின்றால் 9,900 செய்திகள். ஆயிரம் பேர் நின்றாலோ 999,000. ஆட்கள் பத்து மடங்கானால் வேலை ஏறக்குறைய நூறு மடங்காகின்றது. பந்தியிலே ஆள் கூடினால் இலையும் சோறும் அதே அளவிற்கே கூடும்; இங்கோ ஒவ்வொருவருக்கும் வைக்கும் கறியை மற்ற எல்லோருடைய இலைக்கும் காட்டிவர வேண்டியிருக்கிறது. இதனாலேதான் பெரிய கணனி ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் இத்துறையில் செல்லுபடியாவதில்லை.

கௌவர் கையாண்ட உபாயங்கள் மூன்று. அவற்றுள் எதுவும் மாயவித்தை அன்று. யாவும் சிக்கனத்தின் பாற்பட்டவை.

முதலாவது, கண்ணுக்கு எட்டியதை மட்டும் சொல்லுதல். அந்த உலகம் சதுரங்கப் பலகைபோலச் சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்துக் கட்டங்களில் நடப்பதை மாத்திரமே ஒருவருக்கு அறிவித்தார்கள். மலைக்கு அப்பால் யார் மரம் வெட்டினாலும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது, காலத்தையும் கட்டங்களாக வகுத்தல். 2004இல் வந்த பதிப்பிலே 0.6 செக்கனுக்கு ஒருமுறை உலகம் ஓர் அடி நகரும். இடையில் எவ்வளவு அவசரமாக விசையை அழுத்தினாலும் அடுத்த அடி விழும்போதே செயல் நிகழும். இவ்வளவு மந்தமான தாளத்துக்கு எந்தப் பழைய தொலைபேசி இணைப்பும் ஈடுகொடுக்கும். வீரதீரச் சண்டையை விரும்புவோர் இதனை இகழ்ந்தனர். ஆனால் மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், இரும்பு உருக்குதல் என்று பொறுமையான தொழில்களாலேயே நிறைந்த ஓர் உலகத்துக்கு இத்தாளம் பொருந்தியே வந்தது. விளையாட்டின் குணத்தைக் கணனியின் வறுமையும் ஓரளவு தீர்மானித்தது என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது உபாயமே பெரிது: உலகத்தைப் பிரதி எடுத்தல். ஓர் உலகத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பிட்டு, அதற்கு மேல் வருவோருக்கு அதே மலை, அதே நதி, அதே சந்தை கொண்ட இன்னோர் உலகத்தை வேறொரு வழங்கிக் கணனியில் நிறுவினார்கள். பிற்காலத்தில் அவ்வரம்பு 2,000 பேர். ஒரே கூத்தை ஒரே இரவில் பல ஊர்க் களரிகளில் ஆடுவது போன்றது இது. பிரதி எடுப்பது பிறரும் அறிந்த வழியே. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ போன்ற விளையாட்டுக்களில், ஓர் உலகத்திற் பிறந்த பாத்திரம் அந்த உலகத்துக்கே உரியது. ரூன்ஸ்கேப்பிலோ ஆளின் விபரமும் உடைமையும் எல்லா உலகங்களுக்கும் பொதுவாய் ஓரிடத்தில் காக்கப்பட்டன. இன்று முதலாம் உலகம், நாளை நாற்பதாம் உலகம் என்று விரும்பியபடி மாறலாம். நண்பன் இருக்கும் உலகம் எதுவோ அங்கே போய்விடலாம். கூட்டம் தானாகவே பரவிக்கொள்ளும். கூட்டிக் கலைக்கக் காவலாளி தேவையில்லை.

கணனியின் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. பணத்தின் சிக்கல் தீரவில்லை. விளையாட்டு இலவசம், பக்கத்தில் தோன்றும் விளம்பரங்களே வருமானம். 2000–2001 காலப்பகுதியில் இணையக் கம்பனிகள் அடுத்தடுத்துச் சரிந்தபோது விளம்பரப் பணமும் வற்றிப்போயிற்று. வருவோர் தொகை ஏற ஏறச் செலவு ஏறுகிறது, வருமானமோ இறங்குகிறது. இந்த நிலையில், மக்கள் விரும்பி வருவதே அந்த விளையாட்டின் உயிருக்கு எமனாய் முடிந்திருக்கும். புகழோடு மூடுண்ட இணையத்தளங்கள் அவ்வாண்டுகளில் எத்தனையோ.

2001 டிசெம்பரில் சகோதரர் இருவரும் கொன்ஸ்டன்ட் டெடர் என்பவருடன் சேர்ந்து ‘ஜாகெக்ஸ்’ கம்பனியை நிறுவினர். 2002 பெப்ரவரி 27ஆம் திகதி சந்தா முறை தொடங்கியது; மாதம் 5 டொலர். இலவச உலகத்தை அவர்கள் மூடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பழையது பழையபடியே எல்லோருக்கும் திறந்திருந்தது. சந்தாதாரருக்குப் புதிய நிலப்பரப்புக்களும் புதிய தொழில்களும் கிடைத்தன. வாயிலிலே கட்டணம் வாங்காது, உள்வீதியிலே வாங்கிய வணிகம் இது. முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 5,000 பேர் சேர்ந்தனர். வீடு காப்பாற்றப்பட்டது என்றே சொல்லலாம்.

ஆட்கள் பெருகினால் அவர்களுக்குச் செய்வதற்குப் புதுப்புது வேலைகளும் பெருக வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே எழுதுதல் இயலாது. ஆகவே கௌவர் ‘ரூன்ஸ்கிரிப்ட்’ என்ற தனி நிரல்மொழியை ஆக்கினார். அடித்தளத்து நிரல் நுணுக்கங்களை அறியாத கதாசிரியரும் அதைக் கொண்டு புதிய பணிகளை எழுதலாம். எழுதும்போது தவறு செய்தாலும் அடித்தளம் இடிந்துவிடாது. அண்ணாவியார் பாட்டும் தாளமும் வகுத்துவிட்டால் கூத்தர் ஆடிக்கொள்வது போன்ற ஏற்பாடு. 2004 மார்ச்சில் முழு விளையாட்டும் மீண்டும் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்தது. பழையதை விரும்பியோருக்காகப் பழைய பதிப்பும் தனியே நடந்துவந்தது. 2007ஆம் ஆண்டளவில் சந்தாதாரர் தொகை மட்டும் 10 இலட்சத்தைத் தாண்டியது.

ஆனால், பிரதி எடுத்த உலகங்களிலே வாழ்ந்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்குச் சந்தை வேண்டும். எந்த உலகத்தில், எந்தத் தெருவில் பொருளை விற்பது? கம்பனி இதற்கு விதி எதுவும் இயற்றவில்லை, மக்களே இயற்றிக்கொண்டனர். இலவசமாய் ஆடுவோர் முதலாம் உலகத்து வர்ரொக் நகரிலும், சந்தாதாரர் இரண்டாம் உலகத்து பலடோர் நகரிலும் கூடி விலைகூறுவது வழக்கமாயிற்று. மற்ற உலகங்களில் அதே வங்கி வாசல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கூட்டத்தைப் பரப்புதற்கென்று செய்த உபாயத்தை மீறி, கூட்டம் தனக்கு வேண்டிய இடத்தில் தானே திரண்டுவிட்டது. 2007 நவம்பர் 26ஆம் திகதி எல்லா உலகங்களையும் இணைக்கும் பொதுச்சந்தை ஒன்று நிறுவப்பட்டது. பொருளை ஒப்படைத்துவிட்டுப் போகலாம். எங்கோ ஓர் உலகத்தில் வாங்குபவன் அகப்படுவான். வசதி கூடியது. தெருவிலே நின்று பேரம் பேசிய பழைய வாழ்வு அன்றோடு குன்றியது. அதற்காக ஏங்கியவர்கள் பலர்.

அதே காலத்தில் வேறொரு தொல்லை முற்றியிருந்தது. விளையாட்டுக் காசை உண்மைக் காசுக்கு விற்கும் கூட்டத்தார், ஆளில்லாமல் தானே இயங்கும் நிரல்களை உள்ளே அனுப்பினர். இவற்றைப் பிடிப்பதற்கு முதற்பதிப்பிலேயே வினோதமான ஓர் ஏற்பாடு இருந்தது: உழைத்தால் களைப்பு ஏறும்; களைப்புத் தீர உறங்க வேண்டும்; விழிப்பதற்குப் படத்தில் தெரியும் சொல்லை வாசித்து எழுத வேண்டும். இயந்திரத்துக்கு வாசிக்கத் தெரியாது என்பது நம்பிக்கை! ஆனால் 2007இல் நிலைமை விளையாட்டாய் இருக்கவில்லை. அக்கூட்டத்தார் களவாடிய கடன் அட்டைகளால் சந்தா செலுத்தினர்; அட்டைக்குரியவர் முறையிட, வங்கிகள் பணத்தைத் திரும்பப் பெற்றன. அட்டைகளை ஏற்கும் உரிமையையே இழக்கும் அபாயம் கம்பனிக்கு உண்டாயிற்று.

2007 டிசெம்பர் 10ஆம் திகதி கம்பனி கடுமையான முடிவெடுத்தது. ஆளுக்கு ஆள் விரும்பியபடி பொருள் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. தோற்றவனின் உடைமை வென்றவனுக்குச் சேரும் ‘வனாந்தரம்’ என்ற களத்தில் ஆளோடு ஆள் பொருதும் போரும் நீக்கப்பட்டது. கள்வர் வழி அடைபட்டது மெய்தான். நண்பனுக்கு ஒரு வாளைப் பரிசளிக்கும் வழியும் உடன் அடைபட்டது. விளையாட்டினுள்ளேயே நகரத் தெருக்களில் மக்கள் திரண்டு கண்டன ஊர்வலம் நடத்தினார்கள். இரு தரப்பாரும் தத்தம் நோக்கிலே நியாயமுடையவர்கள். சந்தாவை நம்பி நிலைத்த விளையாட்டு, அந்தச் சந்தாவைக் காக்கும் பொருட்டுத் தன் குடிகளின் சுதந்திரத்தைக் குறைக்க நேர்ந்தது. கௌவர் 2010ஆம் ஆண்டு கம்பனியை விட்டு நீங்கினார். வாக்கெடுப்பொன்றில் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களிக்க, அவர்களுள் 91 சதவீதத்தினர் பழைய உரிமைகளைக் கேட்டனர். 2011 பெப்ரவரி 1ஆம் திகதி அவை மீண்டன.

எனினும் அதற்குள் விளையாட்டின் சாயல் பெரிதும் மாறிவிட்டது. 2007 ஓகஸ்ட் மாதத்தில் பாதுகாப்புக்காகப் பிரதி செய்து வைத்த நிரல் ஒன்று கம்பனியின் களஞ்சியத்தில் எஞ்சியிருந்தது. அதனை உயிர்ப்பிக்கலாமா என்று கேட்டபோது 449,351 வாக்குகள் கிடைத்தன. 2013 பெப்ரவரி 22ஆம் திகதி ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. அதன்பின் புதிய அம்சம் எதுவாயினும் ஆடுவோரின் வாக்கைப் பெற்றே சேர்ப்பது வழக்கமாயிற்று. 2001இன் முதற்பதிப்போ, அதைப் பேணும் கருவிகள் காலாவதியானமையால், 2018 ஓகஸ்ட் 6ஆம் திகதி மூடப்பட்டது. ஜாவாவை ஏற்கும் உலாவிகளும் வழக்கொழிந்தன. ஆகையால் இன்று ரூன்ஸ்கேப்பை ஆடுபவர் தனி மென்பொருளைத் தரவிறக்கியே ஆடுகின்றனர். ஓல்ட் ஸ்கூல் பதிப்பின் உலகங்கள் ஒவ்வொன்றிலும் ஆட்களின் வரம்பு இன்றும் 2,000. அங்கே காலம் இன்றும் 0.6 செக்கனுக்கு ஓர் அடியாகவே நகர்கின்றது.