அக்கா சிவப்பு, தங்கை கறுப்பு: ஒரே வீட்டில் தோல் நிறம் மாறுவது ஏன்?

"அக்கா நல்ல செவப்பு. சின்னவ மட்டும் யாரைக் கொண்டு பொறந்தாளோ?" விசேஷ வீடுகளில் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்பவர்கள் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சின்னவளுக்கு அது வருஷக்கணக்கில் மறக்காது. இதற்கு அறிவியலில் தெளிவான பதில் இருக்கிறது.

கறுப்பு எதற்காக?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த வகை மெலனின், எவ்வளவு உருவாகிறது என்பதில்தான் வித்தியாசம். கடும் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், உடலின் ஃபோலேட் சத்தைச் சிதைக்கும். கருவில் குழந்தையின் தண்டுவடம் சரியாக உருவாக அந்தச் சத்து அவசியம். ஆப்பிரிக்க வெயிலில் வாழ்ந்த நம் முன்னோருக்குக் கறுப்புத் தோல் ஒரு கவசம் என்கிறார் மானுடவியலாளர் நினா ஜப்லோன்ஸ்கி.

அப்படின்னா வெளிர் நிறம்?

வெயில் குறைந்த வடக்குப் பகுதிகளில் பிரச்சினை தலைகீழ். வைட்டமின் டி தயாரிக்கத் தோலுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். மெலனின் அதிகமிருந்தால் அந்தத் தயாரிப்பு மெதுவாகும். அங்கே வெளிர் தோல் உதவியது. ஆனால் அது உடனே நடந்துவிடவில்லை. பிரிட்டனில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 'செடார் மனிதன்' கறுத்த தோலுடன் இருந்திருக்கலாம் என்று 2018இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு காட்டியது.

இந்தியாவில் என்ன நடந்தது?

எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவில் 'ஜி' என்ற ஒரே ஒரு எழுத்து 'ஏ' என மாறினால் தோல் வெளிறும். ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் பங்கேற்ற 2013 ஆய்வில், தென்னிந்தியப் பகுதியைச் சேர்ந்த 1,228 பேரின் நிறம் அளக்கப்பட்டது. அவர்களிடையே இருந்த நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்துக்கு இந்த ஓர் எழுத்தே காரணம். ஐரோப்பியர்களிடமும் நம்மிடமும் உள்ள 'ஏ' ஒரே மூலத்திலிருந்து வந்தது. அதன் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள்.

சரி, அக்கா தங்கை?

அம்மா, அப்பா இருவரிடமும் இந்த மரபணுவின் இரண்டிரண்டு பிரதிகள் உள்ளன. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றுதான் கிடைக்கும். இருவரிடமும் 'ஏ'யும் 'ஜி'யும் இருந்தால், ஒரு பிள்ளைக்கு இரண்டு 'ஏ' வரலாம், இன்னொரு பிள்ளைக்கு இரண்டு 'ஜி' வரலாம். நிறத்தைத் தீர்மானிக்கும் மற்ற மரபணுக்களிலும் இதே குலுக்கல்தான்.

2020இல் 'ஃபேர் & லவ்லி' க்ரீம் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. எந்த க்ரீமும் இந்த எழுத்தை மாற்றாது. சின்னவள் யாரைக் கொண்டு பிறந்தாள்? அக்காவைப் போலவே, அதே அம்மா அப்பாவைக் கொண்டுதான்.